1972 எம்ஜிபி ஜிடி-க்கு ஏசி போடுவது: எங்கிருந்து தொடங்குவது?

பச்சைவண்டி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் 1972 மாடல் எம்ஜிபி ஜிடி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. குரோம் பம்பர், 1798 சிசி எஞ்சின், இரட்டை எஸ்யூ கார்புரேட்டர், ஓவர்டிரைவ். எஞ்சின் நல்ல நிலையில் இருக்கிறது. கம்ப்ரஷன் சீராக இருக்கிறது, ஆயில் பிரஷருக்கும் குறையில்லை. ஆனால் வெயில் காலத்தில் வண்டியை எடுக்கவே மனம் வருவதில்லை. ஜிடியில் பின்கதவுக் கண்ணாடி படுத்த வாக்கில் இருப்பதால் வெயில் நேராக உள்ளே இறங்குகிறது. காலடியிலும் ஒரே அனல். வீட்டில் மற்றவர்கள் ஏறுவதை நிறுத்திவிட்டார்கள்.

ஏசி போட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் பாடியில் எங்கேயும் வெட்டக்கூடாது, நாளைக்கு யாராவது கழற்றினால் பழையபடி ஆக வேண்டும். ஆல்டர்னேட்டர் 34 ஆம்பியர்தான். ரேடியேட்டர் ஃபேன் எஞ்சினோடு சுற்றும் பழைய வகை. எந்த கம்ப்ரசர் (ஏசி கேஸை அழுத்திச் சுற்ற வைக்கும் பம்ப்) வாங்கலாம்? 95 குதிரைத்திறன் எஞ்சின் தாங்குமா? மின்சார கம்ப்ரசர் போட்டால் எஞ்சினுக்குச் சுமை குறையும் என்கிறார்களே, உண்மையா?

பட்டறைக்காரர் எழுதியது:

வணக்கம் நண்பரே. கம்ப்ரசர் பற்றிக் கடைசியில் பேசுவோம். பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு ஏசி போடுபவர்களில் பலர் கிட்டை வாங்கிவிட்டுத்தான் மற்றதைப் பார்க்கிறார்கள். வண்டிக்குள் எவ்வளவு சூடு வருகிறது என்பதுதான் முதல் கேள்வி. அது தெரியாமல் எவ்வளவு பெரிய யூனிட் வைத்தாலும் "காற்று வருது, குளிர் வரல" என்றுதான் முடியும்.

உங்கள் வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது ஹீட்டர் வால்வு. சிலிண்டர் ஹெட்டின் மேல் கேபிளில் இயங்கும் வால்வு ஒன்று இருக்கும். வயதான பிறகு அது முழுசாக மூடுவதில்லை. லீவர் "ஆஃப்" என்று காட்டும், உள்ளே சுடுதண்ணீர் ஹீட்டர் காயிலில் ஓடிக்கொண்டே இருக்கும். 80 டிகிரிக்கு மேல் சூடான ஒரு ரேடியேட்டரை டாஷ்போர்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏசி கேட்பது நியாயமே இல்லை. எஞ்சின் சூடான பிறகு, லீவரை மூடி வைத்து, ஹீட்டருக்குப் போகும் ஹோஸையும் திரும்பி வரும் ஹோஸையும் தொட்டுப் பாருங்கள். கவனமாக. இரண்டுமே கை வைக்க முடியாமல் சுட்டால் வால்வு கசிகிறது. புது வால்வு போடுங்கள். கோடைக்கு மட்டும் என்றால் ஹோஸின் நடுவில் கையால் திருகும் குழாய் ஒன்றை வைத்து அடைத்துவிடலாம்.

அடுத்து ஃபயர்வால், அதாவது எஞ்சின் அறைக்கும் நாம் உட்காரும் அறைக்கும் நடுவில் உள்ள தகடு. பெடல் பாக்ஸுக்கு அடியில் ஒரு சீல் உண்டு, பெரும்பாலும் பொடிப்பொடியாகப் போயிருக்கும். ஸ்டியரிங் காலம் நுழையும் இடம், ஒயரிங் நுழையும் ரப்பர் வளையங்கள், கியர் லீவருக்கு அடியில் உள்ள ரப்பர் உறை, இவை ஒவ்வொன்றிலும் எஞ்சின் அறையின் சுடுகாற்று உள்ளே வரும். ராத்திரியில் எஞ்சின் அறைக்குள் ஒரு விளக்கைப் போட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்து பாருங்கள். எங்கெல்லாம் வெளிச்சம் கசிகிறதோ அங்கெல்லாம் அனலும் கசியும்.

அப்புறம் கியர்பாக்ஸ் டனல், காலடித் தகடு. அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் பாயை அடியில் ஒட்டி, அதன் மேல் சூட்டைத் தடுக்கும் ஃபோம் போட்டு, அதற்கு மேல் கார்பெட். பியூட்டைல் அதிர்வைத்தான் அடக்கும், சூட்டைத் தடுப்பது மேலே போடும் ஃபோம். பலர் முதலாவதை மட்டும் ஒட்டிவிட்டுப் பலன் இல்லை என்கிறார்கள்.

கண்ணாடிக்கு வருவோம். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் விழும் சூரிய வெப்பம் சுமார் 1000 வாட். ஜிடியின் பின்கண்ணாடியும் பக்கக் கண்ணாடிகளும் உள்ளே விடுவது சாதாரண அளவு இல்லை. சூட்டைத் தடுக்கும் நிறமில்லாத ஃபிலிம் கிடைக்கிறது. உங்கள் ஊர்ச் சட்டம் அனுமதித்தால் ஒட்டுங்கள். பின்னால் ஒட்டியதை ஹேர் டிரையர் வைத்து உரித்துவிடலாம், வண்டிக்கு எந்தக் கேடும் இல்லை.

இவ்வளவையும் முடித்துவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். பிறகு கம்ப்ரசரைப் பேசுவோம்.

அசல்பிரியன் எழுதியது:

பட்டறைக்கார அண்ணா சொன்னது அத்தனையும் செய்யுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பது என் தாழ்மையான கருத்து. இந்த வண்டியின் அழகே அதன் எளிமையில்தான் இருக்கிறது. போனட்டைத் திறந்தால் ஒவ்வொரு பாகத்தையும் கண்ணால் பார்க்கலாம், கையால் தொடலாம். அதற்குள் கம்ப்ரசர், ஹோஸ், டிரையர் (கேஸில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் குப்பி), இரண்டாவது பெல்ட் என்று திணித்துவிட்டால் டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட் பார்க்கக்கூட பாதியைக் கழற்ற வேண்டிவரும். முன் பாரமும் கூடும். கதவின் முன்முக்கோணக் கண்ணாடியைத் திருப்பி வைத்தால் வரும் காற்று பலருக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

பச்சைவண்டி எழுதியது:

உங்கள் அக்கறை புரிகிறது நண்பரே. வண்டி ஓடும்போது முக்கோணக் கண்ணாடி அருமைதான். நெரிசலில் நின்றால்தான் பிரச்சினை. கழற்றக்கூடிய வகையில் மட்டுமே செய்வேன் என்பது உறுதி. ஓட்டாமல் மூடி வைத்திருப்பதைவிட ஏசியோடு ஓட்டுவது வண்டிக்கு நல்லது என்று நான் நினைக்கிறேன்.

மின்விசை எழுதியது:

ஏன் யாரும் மின்சார கம்ப்ரசரைப் பேசவில்லை? பெல்ட் வேண்டாம், பிராக்கெட் வேண்டாம், எங்கே இடம் இருக்கிறதோ அங்கே வைக்கலாம். எஞ்சின் அறை பழையபடியே இருக்கும். அசல்பிரியன் சொன்ன குறைகளில் பாதி போய்விடும். ஐடிலிங்கில் (வண்டி நின்று எஞ்சின் மெதுவாக ஓடும்போது) கம்ப்ரசர் வேகம் குறையாது என்பது இன்னொரு பெரிய வசதி. ஹைபிரிட் வண்டிகளில் எல்லாம் இதுதானே.

பட்டறைக்காரர் எழுதியது:

தம்பி, இடவசதியைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. ஆனால் ஹைபிரிட் வண்டியில் நூற்றுக்கணக்கான வோல்ட் இருக்கிறது. நம்மிடம் 12 வோல்ட். கணக்கைப் பாருங்கள்.

வெயிலில் நின்ற ஒரு ஜிடியைக் குளிர்விக்க ஏறக்குறைய 4 கிலோவாட் குளிர்திறன் தேவைப்படும். ஒரு கிலோவாட் மின்சாரத்துக்கு இரண்டு கிலோவாட் குளிர் கிடைக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும் 2 கிலோவாட் மின்சாரம் வேண்டும். 13.5 வோல்ட்டில் அது 148 ஆம்பியர். உங்கள் 34 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் முழுசாகக் கொடுத்தாலும் 460 வாட்தான். பாதி அளவு கம்ப்ரசர் போதும் என்று இறங்கினால்கூட 75 ஆம்பியர் ஆகிறது. அதோடு ஃபேன், ஹெட்லைட், இக்னிஷன் எல்லாம் சேரும்.

எஞ்சினுக்குச் சுமை குறையும் என்பதும் தவறு. அந்த மின்சாரத்தை எஞ்சின்தான் ஆல்டர்னேட்டர் வழியாகக் கொடுக்கிறது. இந்த வகை ஆல்டர்னேட்டரில் ஐந்தில் இரண்டு பங்கு போல வீணாகிறது. பெல்ட் நேராகக் கம்ப்ரசரைச் சுற்றினால் அந்த இழப்பு இல்லை. பெரிய ஆல்டர்னேட்டர் போட்டாலும் ஒற்றை வி-பெல்ட் அவ்வளவு சுமையில் வழுக்கும். தண்ணீர் பம்பும் அதே பெல்ட்டில் ஓடுகிறது என்பதை மறக்க வேண்டாம்.

சின்ன அறை உள்ள இரண்டு இருக்கை வண்டி, மிதமான வெயில், நல்ல இன்சுலேஷன், பெரிய ஆல்டர்னேட்டர், பல் உள்ள பட்டை பெல்ட் என்று மாற்றிவிட்டவர்களுக்கு மின்சார கம்ப்ரசர் பொருந்தலாம். பச்சைவண்டிக்குப் பொருந்தாது.

மின்விசை எழுதியது:

கணக்கு தெளிவாக இருக்கிறது. ஏற்றுக்கொள்கிறேன் அண்ணா.

இசட்காரன் எழுதியது:

நான் டாட்சன் 240இசட் வைத்திருக்கிறேன். அந்தக் காலத்தில் இந்த மாதிரி வண்டிகளுக்கு டீலர்கள் போட்டுக்கொடுத்த யார்க் கம்ப்ரசர் நிமிர்ந்து நிற்கும் இரண்டு பிஸ்டன் வகை. கனமானது, அதிர்வும் அதிகம், பிராக்கெட் விரிசல் விடும். இப்போது கிட்டுகளில் வருவது பெரும்பாலும் சான்டன் வகை. எஸ்டி-508 என்றால் ஐந்து பிஸ்டன், 138 சிசி. எஸ்டி-7எச்15 என்றால் ஏழு பிஸ்டன், 155 சிசி. எம்ஜிபிக்கு 508 அளவு போதும். பெரியது போட்டால் குளிர் கூடுவதைவிட ஐடிலிங் தடுமாறுவதுதான் அதிகமாகும்.

பிராக்கெட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். கம்ப்ரசர் புல்லியும் கிராங்க் புல்லியும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும், நேரான கம்பி ஒன்றை இரண்டு முகத்திலும் வைத்துப் பாருங்கள். ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் விலகினால் பெல்ட் பக்கவாட்டில் தேய்ந்து கத்தும். பிராக்கெட் எஞ்சின் பிளாக்கில்தான் பிடிக்க வேண்டும். ஒரு கால் எஞ்சினிலும் ஒரு கால் பாடியிலும் என்று இருந்தால் ரப்பர் மவுன்ட்டில் எஞ்சின் ஆடும்போது ஏதாவது ஒன்று உடையும்.

பச்சைவண்டி எழுதியது:

ஹீட்டர் வால்வைச் சோதித்தேன். இரண்டு ஹோஸும் கொதித்தன. புது வால்வு போட்டாயிற்று, பெடல் பாக்ஸ் சீலும் மாற்றியாயிற்று, டனலுக்கு இன்சுலேஷன் முடிந்தது. வித்தியாசம் நம்ப முடியாத அளவு. இப்போது காலடியில் வெளிக்காற்று அளவு சூடுதான். மேலே தலைக்கு மட்டும் வெயில் உறைக்கிறது. ஏசிக்கு இனிமேல் வேலை குறைவு என்று தெரிகிறது.

அடுத்து கண்டன்சர். ரேடியேட்டருக்கு முன்னால் வைத்தால் எஞ்சின் சூடேறாதா?

பட்டறைக்காரர் எழுதியது:

ஏறும். அதற்குத் தயார் செய்ய வேண்டும். கண்டன்சர் என்பது உள்ளேயிருந்து எடுத்த சூட்டையும் கம்ப்ரசர் சேர்த்த சூட்டையும் வெளியே கொட்டும் இடம். அதன் வழியாக வரும் காற்று ஏற்கெனவே சூடாகித்தான் ரேடியேட்டரை அடையும். எனவே ரேடியேட்டர் நூறு சதவீதம் சுத்தமாக இருந்தாக வேண்டும். வண்டி ஓடும்போது வெப்பமானி நடுவில் நிற்கிறது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். வெயிலில் இருபது நிமிடம் நிற்க வைத்து ஐடிலிங்கில் பாருங்கள். அப்போதே ஏறினால் ரேடியேட்டரை மூன்று வரிசை, நான்கு வரிசை கோருக்கு மாற்றிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

உங்கள் வருட மாடலில் ஒரு நல்ல விஷயம், ரேடியேட்டருக்கும் கிரில்லுக்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது. ஆயில் கூலர் இருந்தால் அது அங்கேதான் நிற்கும். அதைக் கீழே தள்ள வேண்டிவரும். கண்டன்சர் வாங்கும்போது பழைய குழாய்-துடுப்பு வகை வேண்டாம், தட்டையான குழாய்கள் உள்ள பேரலல் ஃப்ளோ வகையைக் கேளுங்கள். அதே பரப்பளவில் கூடுதல் சூட்டை வெளியேற்றும். பழைய ஆர்-12 ஏசி கேஸுக்குப் பதிலாக வந்த ஆர்-134ஏ கேஸுக்கு அது கட்டாயம் என்றே சொல்வேன்.

எஞ்சினோடு சுற்றும் ஃபேன் ஐடிலிங்கில் கிட்டத்தட்ட ஒன்றும் செய்யாது. 1977 மாடல் முதல் எம்ஜிபிக்கு கம்பெனியே மின்சார ஃபேன் கொடுத்தது. நீங்களும் கண்டன்சருக்கு முன்னால் காற்றைத் தள்ளும் ஃபேன் வைக்கலாம். இன்னொன்று, பலர் விட்டுவிடுவது: கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் சுற்றிலும் உள்ள இடைவெளியை ஃபோம் அல்லது ரப்பர் பட்டையால் அடைக்க வேண்டும். காற்று எப்போதும் சுலபமான வழியில் போகும். பக்கத்தில் சந்து இருந்தால் கண்டன்சரைத் தொடாமலே போய்விடும், அல்லது ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் சுடுகாற்று சுற்றிக்கொண்டு முன்னால் வரும்.

எம்ஜிபியில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கம். இரண்டுக்கும் நடுவில் உள்ள வெப்பத் தடுப்புத் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் அறை கொஞ்சம் சூடேறினாலே ஃப்ளோட் அறையில் பெட்ரோல் கொதித்து, நிறுத்தி எடுக்கும்போது ஸ்டார்ட் ஆகாமல் படுத்தும்.

மின்விசை எழுதியது:

மின்சாரப் பக்கத்தை நான் சொல்கிறேன். கம்ப்ரசர் கிளட்ச் (கம்ப்ரசரை பெல்ட்டோடு இணைத்தும் விடுவித்தும் ஓட்டும் மின்காந்தம்) 4 ஆம்பியர் போல இழுக்கும், பிளோயர் முழு வேகத்தில் 10 முதல் 15, கண்டன்சர் ஃபேன் இன்னொரு 10 முதல் 15. ஆக 34 ஆம்பியரில் ராத்திரி ஹெட்லைட்டோடு ஓட்ட முடியாது. அதே அளவு உடலில் 60 ஆம்பியருக்கு மேல் தரும் ஆல்டர்னேட்டர்கள் கிடைக்கின்றன, ஒற்றை பெல்ட் அதைத் தாங்கும். ஆல்டர்னேட்டரிலிருந்து போகும் பெரிய ஒயரையும் தடிமனாக்க வேண்டும், இல்லையென்றால் ஒயர்தான் சூடாகும்.

ஏசியின் எந்தச் சுமையையும் பழைய சுவிட்ச், பழைய ஃப்யூஸ் பெட்டி வழியாக விடாதீர்கள். தனி ஃப்யூஸ், தனி ரிலே. 1967-க்கு முந்தைய எம்ஜிபி வைத்திருப்பவர்கள் படித்தால் அவர்களுக்கு: உங்கள் வண்டி பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்தது), டைனமோ. முதலில் நெகட்டிவ் எர்த்துக்கும் ஆல்டர்னேட்டருக்கும் மாற்றிக்கொள்ளுங்கள்.

பிரஷர் சுவிட்ச் கட்டாயம். மூன்று வேலை செய்யும் வகையாக வாங்குங்கள். கேஸ் குறைந்து பிரஷர் 30 பிஎஸ்ஐ அளவுக்கு இறங்கினால் கிளட்சை நிறுத்தும், 400 பிஎஸ்ஐ பக்கம் போனாலும் நிறுத்தும், நடுவில் 250 பக்கம் வரும்போது ஃபேனைப் போடும். கேஸோடு சேர்ந்துதான் ஆயிலும் சுற்றுகிறது. கேஸ் இல்லாமல் ஓடும் கம்ப்ரசர் ஆயில் இல்லாமல் ஓடுகிறது என்று அர்த்தம்.

இசட்காரன் எழுதியது:

ஐடிலிங்குக்கு: கிளட்ச் பிடிக்கும் நொடியில் எஸ்யூ கார்புரேட்டருக்கு அது தெரியாது. எஞ்சின் 200 ஆர்பிஎம் போல இறங்கும், சில சமயம் நின்றே போகும். கிளட்ச் ஒயரிலேயே இணைத்த சின்ன சோலனாய்டு ஒன்று திராட்டில் லீவரை லேசாகத் தள்ளிக்கொடுத்தால் தீர்ந்தது. சாதாரண ஐடிலிங்கை உயர்த்தி வைத்து சமாளிக்காதீர்கள், ஏசி போடாதபோது சாவியை ஆஃப் செய்தும் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும் தொல்லை வரும்.

ஓவர்டேக் செய்யும்போது கம்ப்ரசரை நிறுத்த திராட்டில் லீவரில் ஒரு மைக்ரோ சுவிட்சும் வைக்கலாம். 95 குதிரையில் நான்கைந்து திரும்பக் கிடைப்பது ஏறும்போது நன்றாகவே தெரியும்.

பச்சைவண்டி எழுதியது:

எவாப்பரேட்டர் (உள்காற்றைக் குளிர்விக்கும் காயில்) எங்கே வைப்பது? டாஷ்போர்டுக்கு அடியில் தொங்கும் யூனிட் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். அப்புறம் பழைய ஆர்-12 கேஸ் யூனிட் ஒன்று ஒருவர் தருகிறேன் என்கிறார், எடுக்கலாமா?

பின்னெஞ்சின் எழுதியது:

கேஸ் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் ஏர்கூல்டு போர்ஷே 911 வைத்திருப்பவர்களுக்கு அதுதான் தீராத பாடம். எஞ்சின் பின்னால், ஒரு கண்டன்சர் எஞ்சின் மூடியில், இன்னொன்று முன்னால். ஹோஸ் வண்டியின் முழு நீளத்துக்கும் போய் வருகிறது. பழைய ரப்பர் ஹோஸின் சுவர் வழியாகவே கேஸ் மெல்ல மெல்லக் கசிந்து போகும், எந்த மூட்டிலும் ஓட்டை இருக்க வேண்டியதில்லை.

ஆர்-12 வேண்டாம். ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின் கீழ் அதன் தயாரிப்பு வளர்ந்த நாடுகளில் 1995 முடிவோடும் மற்ற நாடுகளில் 2010-க்குள்ளும் நிறுத்தப்பட்டது. பழைய யூனிட்டில் காயில் நல்லதாக இருந்தால் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் ஹோஸ், ஓ-ரிங், டிரையர், ஆயில் எல்லாம் புதிதாக வேண்டும். ஆர்-134ஏ-வோடு பழைய மினரல் ஆயில் கலந்து சுற்றாது, கம்ப்ரசருக்குத் திரும்பி வராது. உள்ளே நைலான் படலம் உள்ள பேரியர் ஹோஸ்தான் போட வேண்டும். ஆர்-134ஏ-வுக்கான பேக் (PAG) ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், திறந்த டப்பாவை அடுத்த வேலைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். டிரையரின் மூடியைக் கடைசி வேலையாகத் திறங்கள், அதே காரணம்தான்.

வாக்யூம் போடுவதில், அதாவது கேஸ் ஏற்றுமுன் பம்ப் வைத்து உள்ளே உள்ள காற்றை உறிஞ்சுவதில், அவசரம் கூடாது. கேஜில் 29 அங்குலம் (பாதரச அளவு) வந்தால் தண்ணீர் சுமார் 25 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும், அதனால்தான் ஈரம் வெளியே வருகிறது. பட்டறை அதைவிடக் குளிராக இருந்தால் எவ்வளவு நேரம் பம்ப் ஓடினாலும் ஈரம் தங்கிவிடும். முக்கால் மணி நேரம் ஓட விட்டு, வால்வை மூடி, அரை மணி நேரம் முள் அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள்.

கேஸை எடை போட்டு ஏற்றுங்கள். டிரையர் கண்ணாடியில் குமிழி மறையும் வரை ஏற்றுவது ஆர்-12 காலத்து வழக்கம். ஆர்-134ஏ-வில் அப்படிச் செய்தால் அளவுக்கு மேல் போய்விடும். பழைய ஆர்-12 அமைப்பை மாற்றுபவர்கள் முன்பு எழுதியிருந்த எடையில் 80 முதல் 85 சதவீதத்தில் நிறுத்திக்கொள்ளலாம். யாராவது சமையல் கேஸ் வகைக் கலவையை ஏற்றித் தருகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். எவாப்பரேட்டர் உங்கள் முழங்காலுக்கு முன்னால் இருக்கிறது, தீப்பற்றும் கேஸ் அங்கே கசியக்கூடாது. இந்த வேலைக்கு உரிமம் கேட்கும் நாடுகள் பல உண்டு, கேஸைக் காற்றில் திறந்துவிடுவதும் பல இடங்களில் குற்றம். கேஸ் பகுதியை மட்டும் மெஷின் உள்ளவரிடம் கொடுங்கள்.

பட்டறைக்காரர் எழுதியது:

தொங்கும் யூனிட் உங்களுக்குச் சரிதான், வெட்டாமல் போடலாம். இரண்டு குறை. அது உள்காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றும், அதனால் மழையில் கண்ணாடியில் ஆவி படியும். அந்த நேரத்தில் வண்டியின் அசல் ஹீட்டர் வழியாக வெளிக்காற்றையும் சேர்த்து விடுங்கள். இரண்டாவது, தண்ணீர். காயிலில் படியும் ஈரம் சொட்டிக்கொண்டே இருக்கும், வடிகுழாய் எங்கேயும் மேலேறாமல் இறக்கமாகவே போக வேண்டும். டனலில் ஏற்கெனவே உள்ள ரப்பர் மூடித் துளை எதையாவது பயன்படுத்துங்கள். தண்ணீர் எக்ஸாஸ்ட் குழாயில் விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். காயிலின் துடுப்புகளுக்குள் செருகும் தெர்மோஸ்டாட்டும் கட்டாயம், இல்லையென்றால் காயில் பனிக்கட்டியாகி காற்றே வராது.

பச்சைவண்டி எழுதியது:

போட்டு முடித்தாயிற்று. உங்கள் எல்லாருக்கும் நன்றி. ஓடும்போது வெளியே 33 டிகிரி, வென்ட்டில் 9 டிகிரி. ஆனால் நின்றால் குளிர் குறைகிறது. ஐடிலிங்கில் ஹை சைடு (கம்ப்ரசரிலிருந்து கேஸ் வெளியேறும் பக்கம்) 310 பிஎஸ்ஐ, லோ சைடு (கேஸ் திரும்பும் பக்கம்) 50. கேஸ் அதிகமாகிவிட்டதா?

பட்டறைக்காரர் எழுதியது:

கேஸில் கை வைக்க வேண்டாம். கேஜ் மாட்டியபடியே ஐடிலிங்கில் கண்டன்சர் மேல் தண்ணீர் தெளியுங்கள். ஹை சைடு சட்டென்று 220 பக்கம் இறங்கினால் கேஸ் அளவு சரி, காற்றுதான் போதவில்லை. இறங்காமல் நின்றால் கேஸ் அதிகம், அல்லது உள்ளே காற்று தங்கியிருக்கிறது.

பச்சைவண்டி எழுதியது:

தெளித்ததும் 215-க்கு வந்துவிட்டது. பார்த்தால் கண்டன்சரின் மேல்புறம் ஃபோம் பட்டை கழன்று தொங்குகிறது. புதிதாக ஒட்டி, ஃபேனையும் ஒரு அளவு பெரிதாக்கினேன். இப்போது ஐடிலிங்கில் 235, எஞ்சின் வெப்பமானியும் நகரவில்லை.

திறந்தவண்டி எழுதியது:

முழு இழையையும் படித்தேன். என்னுடையது ட்ரையம்ப் டிஆர்6, துணிக் கூரை. கூரையைத் திறந்து ஓட்டும்போது இதனால் பலன் உண்டா?

பட்டறைக்காரர் எழுதியது:

கூரை மூடியிருக்கும்போது உண்டு. துணிக் கூரை சூட்டை அவ்வளவாகத் தடுக்காது, அதனால் உள்புறம் ஒரு லைனிங் தைத்துப் போட்டால் நல்லது, கதவுக் கண்ணாடி ரப்பர்களும் புதிதாக இருக்க வேண்டும். திறந்து ஓட்டும்போது அறையைக் குளிர்விக்க முடியாது. வென்ட்டை நேராக நெஞ்சுக்கும் கைகளுக்கும் திருப்பி வையுங்கள், நின்று நின்று போகும் நெரிசலில் அது ஓரளவு உதவும். உங்கள் வண்டியின் ஹீட்டர் வால்வை எப்போது கடைசியாக மாற்றினீர்கள்? அதைச் சோதித்துவிட்டு, ரேடியேட்டர் நிலைமை, ஆல்டர்னேட்டர் அளவு இரண்டையும் சேர்த்து எழுதுங்கள்.